மண் யாருது, வீடு யாருது? - நம்ம பக்கத்து வீடுகளின் வரலாறு



மலருக்கு ஆளுக்கு ஒரு கட்டுரை எழுதணும் என்று கூட்டத்தில் சொன்னபோது சேமிப்பு, கடன், தையல், கறவை மாடு என்று ஆளாளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் எனக்கு "ஊர் வரலாறு" என்று எழுதிக் கொடுத்தார்கள். கோவில் வரலாறு எழுத ஊரில் வேறு ஆள் இருக்கிறார்கள். நான் வீடுகளின் வரலாறு எழுதுகிறேன். எங்க குழுவின் தீர்மான நோட்டை நான்தான் எழுதுகிறேன். பழைய நோட்டுகளைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் "வீட்டு வேலைக்கு" என்றுதான் கடன் வாங்கியிருக்கிறோம். மாட்டுக்கடன் என்று எழுதி வாங்கியதில் பாதியும் சிமெண்டாகத்தான் போயிருக்கும், அது நமக்குள் இருக்கட்டும்.

நாகப்பட்டினம் மாவட்டத்தில் எங்க தெரு முழுக்க முன்னால் குடிசைதான். மண் சுவர், மூங்கில், தென்னங்கீத்து. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கூரை மாத்தணும். ஏன் அத்தனை பேரும் குடிசையிலேயே இருந்தார்கள் என்று சின்ன வயசில் நான் யோசித்ததில்லை. காசு இல்லை, அதனால் குடிசை என்றுதான் நினைத்தேன். மாமியார் சொன்ன பிறகுதான் வேறு கதை தெரிந்தது.

மாமியாருக்குப் பிறந்த ஊர் கீழ்வேளூர் பக்கம். அவங்க அப்பா பண்ணையாள். மிராசுதார் நிலத்தில்தான் வேலை, குடிசை போட்டிருந்த மண்ணும் மிராசுதாருடையது. மூங்கிலும் கீத்தும் இவர்கள் வாங்கியது, மண் மட்டும் அவர்களுது. அதனால் செங்கல் வைக்க முடியாது. "செங்கல் வச்சா நெலையா இருக்கப் போறான்னு அர்த்தம் ஆயிடும், அதுக்கு விடமாட்டாங்க" என்று மாமியார் சொல்லுவாங்க. கொல்லையில் இவர்கள் வச்ச முருங்கையைக்கூட இவர்களுது என்று சொல்ல முடியாது. கூலி பத்தலை என்று ஒரு வார்த்தை கேட்டால் "குடிசையைப் பிரிச்சுக்கிட்டுப் போ" என்று பதில் வரும். மாமியாருக்கு எட்டு வயசு இருக்கும்போது அவங்க குடிசையை ஒரு மத்தியானத்தில் பிரித்துப் போட்டார்களாம். அடுப்பில் சோறு இருந்தது, அதை இறக்கக்கூட நேரம் கொடுக்கலை என்றாங்க. அதை மட்டும் எப்பச் சொன்னாலும் அதே மாதிரி சொல்லுவாங்க, ஒரு வார்த்தை மாறாது.

இதில் எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், அப்போதே சட்டம் இருந்தது. 1952இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது தஞ்சாவூர் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளை நினைத்தபடி வேலையை விட்டு நிறுத்தக் கூடாது என்பது அதில் ஒன்று. அப்போது நாகப்பட்டினமும் திருவாரூரும் தஞ்சாவூர் ஜில்லாவில்தான் இருந்தன. பிறகு 1961இல் குடியிருப்பு அனுபோகதாரர்களை வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டிருக்கும் விவசாயத் தொழிலாளியை மனையை விட்டுத் துரத்தக் கூடாது என்பதற்காகவே போட்ட சட்டம் அது. மாமியார் வீட்டைப் பிரித்தது அதற்கும் பிறகு. அதைச் சொன்னேன். "சட்டம் மெட்ராசுல இருந்திருக்கும், எங்ககிட்ட யாரு வந்து சொன்னா?" என்று கேட்டாங்க.

கீழ்வெண்மணியைப் பற்றி நம்ம பக்கத்தில் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1968 டிசம்பர் 25ஆம் தேதி ராத்திரி. கூலி கேட்டு நடந்த தகராறில், தப்பிக்க ஒரே குடிசைக்குள் ஓடி ஒளிந்தவர்களை அந்தக் குடிசையோடு எரித்தார்கள். 44 பேர். அதிலும் பெண்களும் பிள்ளைகளும்தான் நிறைய. வீடு என்றால் கதவைச் சாத்திக்கொண்டு பத்திரமாக இருக்கும் இடம் என்று நினைக்கிறோம். கீத்துக் கூரை அன்றைக்கு அவர்களைக் காப்பாத்தலை. மாமியாருக்கு அப்போது பத்து வயசு. வெளிச்சம் தெரிந்ததா என்று ஒருநாள் கேட்டேன். பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டாங்க. அப்புறம் நான் கேட்கவில்லை.

1971இல்தான் பெரிய மாற்றம் வந்தது. கலைஞர் ஆட்சியில் குடியிருப்பு உரிமை வழங்கும் சட்டம் போட்டார்கள். துரத்தக் கூடாது என்று சொன்னதோடு நிற்காமல், விவசாயத் தொழிலாளி எந்த மனையில் குடியிருக்கிறாரோ அந்த மனை அவருக்கே சொந்தம் என்றது அந்தச் சட்டம். என்னைக் கேட்டால் நம்ம பக்கத்துக்கு வந்த முதல் வீட்டுத் திட்டம் இதுதான் என்பேன். அதில் ஒரு செங்கல்கூடக் கொடுக்கவில்லை, மண்ணைத்தான் கொடுத்தார்கள். ஆனால் அந்த மண் இல்லாமல் பின்னால் வந்த எந்தத் திட்டமும் நம்ம தெருவுக்குள் வந்திருக்க முடியாது. சட்டம் வந்த உடனே எல்லார் கைக்கும் பட்டா வந்துவிடவில்லை. என் வீட்டுக்காரரின் தாத்தா ரெண்டு மூணு வருஷம் நடந்துதான் வாங்கினாராம். அந்தக் காகிதத்தை மூங்கில் குழாய்க்குள் சுருட்டிக் கூரைச் சட்டத்தில் கட்டி வைத்திருந்தார்கள். தீப்பிடித்தால் முதலில் எதை எடுக்கணும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தார்களாம், அந்தக் குழாயைத்தான்.

அதே காலத்தில் கிருஷ்ணம்மாள் அம்மாவும் ஜெகந்நாதன் ஐயாவும் நம்ம பக்கம் வந்து தங்கினார்கள். வெண்மணிக்குப் பிறகு வந்தவர்கள், பிறகு இங்கேயே வேலை செய்தார்கள். 1981இல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, நிலச்சொந்தக்காரர்களிடம் பேசி நிலத்தை வாங்கி, நிலமில்லாத ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். அதைப் பெண்கள் பேரில் எழுதினார்கள் என்பதுதான் நாம கவனிக்க வேண்டியது. அப்புறம் செங்கல் வீடு கட்டிக் கொடுப்பதையும் அந்த அம்மா எடுத்துச் செய்தார்கள். 2020இல் பத்மபூஷண் விருது அறிவித்தபோது டிவியில் பார்த்தோம்.

மண் வந்த பிறகு சுவர் வந்த கதைக்கு வருகிறேன். தாட்கோ 1974இல் ஆரம்பித்தது. ஆதிதிராவிடர் தெருக்களில் தொகுப்பு வீடு கட்டினார்கள். மனையே இல்லாதவர்களுக்கு நிலம் எடுத்துக் கொடுக்க 1978இல் தனிச்சட்டமும் வந்தது. 1985-86இல் மத்திய அரசின் இந்திரா ஆவாஸ் யோஜனா தொடங்கியது. முதலில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்கு மட்டும். 1993-94க்குப் பிறகு மற்ற ஏழைகளுக்கும் கொடுத்தார்கள். அந்த வீட்டைப் பெண் பேரில், இல்லை என்றால் புருஷன் பொஞ்சாதி ரெண்டு பேர் பேரிலும் எழுதணும் என்று விதி வைத்தார்கள். நல்ல விதிதான். ஆனால் வீடு பெண் பேரில், மனைப்பட்டா மாமனார் பேரில் என்று இருந்தால் அது யாருடைய வீடு? இந்தக் கேள்விக்குப் பின்னால் வருகிறேன்.

1997இல் சமத்துவபுரம் திட்டம் வந்தது. ஒரு இடத்தில் 100 வீடு. ஆதிதிராவிடர் 40, பிற்படுத்தப்பட்டோர் 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 25, மற்றவர் 10. எந்தத் தெருவில் யார் வீடு கட்டலாம் என்று ஊர் போட்டு வைத்திருந்த கோட்டை அரசாங்கம் ஒரு இடத்திலாவது அழித்தது என்று சொல்லலாம். ஆனால் பழைய ஊருக்குள் அந்தக் கோடு அப்படியேதான் இருக்கிறது. காசு கொடுத்தாலும் சில தெருக்களில் நமக்கு மனை தர மாட்டார்கள். இதை எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை.

2010இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம். 21 லட்சம் குடிசைகளை ஆறு வருஷத்தில் கான்கிரீட் வீடு ஆக்குவது என்று கணக்கு. வீட்டுக்கு 75,000 ரூபாய். அடுத்த வருஷம் ஆட்சி மாறியதும் அது நின்று, அம்மா ஆட்சியில் பசுமை வீடு வந்தது. 300 சதுர அடி, சோலார் விளக்கோடு 1.80 லட்சம், வருஷத்துக்கு 60,000 வீடு. பிறகு 2016இல் இந்திரா ஆவாஸ் பேர் மாறிப் பிரதமர் வீட்டுத் திட்டமாக வந்தது. மத்திய கணக்குப்படி சமவெளியில் ஒரு வீட்டுக்கு 1.20 லட்சம், கான்கிரீட் கூரைக்கு மாநில அரசு தனியாகச் சேர்த்துக் கொடுக்கிறது. 2024இல் கலைஞர் கனவு இல்லம். 360 சதுர அடி, 3.50 லட்சம், 2030க்குள் 8 லட்சம் வீடு கட்டிக் குடிசையில்லாத தமிழ்நாடு ஆக்குவது என்று அறிவித்தார்கள். பேர் மாறும், தொகை மாறும், சுவரில் எழுதும் வாசகம் மாறும். மாறாதது ஒன்று உண்டு. எந்தத் திட்டத்துக்கு மனு எழுதினாலும் முதல் கேள்வி "பட்டா இருக்கா?"

கடலோர ஊராட்சி சகோதரிகளுக்குக் கதை வேறு மாதிரி. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கடல் ஏறிவரும் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு போனவர்கள் உள்ளே தள்ளி வந்தால் புது வீடு, அங்கேயே இருக்கணும் என்றால் சொந்தச் செலவில் பார்த்துக்கொள்ளணும் என்று அரசாணை வந்தது. புது வீடு ஏறக்குறைய 325 சதுர அடி, ஒன்றரை லட்சம் மதிப்பு. புருஷன் பொஞ்சாதி ரெண்டு பேர் பேரிலும் எழுதிக் கொடுத்தார்கள். உயிருக்குப் பாதுகாப்பு, அதில் தப்பு சொல்ல முடியாது. ஆனாலும் வலையும் படகும் கடற்கரையில், வீடு மட்டும் தூரத்தில். விடியற்காலம் மீன் ஏலத்துக்கு ஓடும் பெண்ணுக்கு அந்தத் தூரம் என்ன என்பது கூடை தூக்கியவர்களுக்குத்தான் தெரியும்.

இப்போது எங்க வீட்டுக் கதை. 2018 நவம்பர் 16 விடியற்காலம் கஜா புயல். வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது. எங்க கூரை மொத்தமாகப் போனது. சின்னவளை மடியில் வைத்துக்கொண்டு ராத்திரியே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டதால் பிழைத்தோம். பிரதமர் வீட்டுத் திட்டப் பட்டியலில் எங்க பேர் இருந்தது. 2011இல் எடுத்த சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பை வைத்துத்தான் அந்தப் பட்டியல் போட்டார்கள். அந்தச் சமயம் வெளியூரில் செங்கல் சூளையில் இருந்தவர்கள், கணக்கெடுக்க வந்தபோது வீட்டில் ஆள் இல்லாதவர்கள் பேரெல்லாம் விடுபட்டுப் போனது. எங்க பேர் இருந்தது அதிர்ஷ்டம்தான்.

ஆனால் பட்டா தாத்தா பேரில் இருந்தது. அவர் இறந்து இருபது வருஷம். மூங்கில் குழாயில் இருந்த காகிதம் பத்திரமாக இருந்தது, பேர்தான் உதவலை. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா மாறுதல் என்று ஒவ்வொன்றாக அலைந்தோம். ஒரு இடத்தில் எழுத்துப்பிழை என்று திருப்பி அனுப்பினார்கள், அதற்கே ரெண்டு மாசம். வாரிசுச் சான்றில் ரெண்டு பேர் வந்தார்கள். ஒருத்தர் மாமனார். இன்னொருத்தர் அவர் தங்கச்சி. வீட்டுக்காரர் அத்தை என்று கூப்பிடுவார், நானும் அப்படியே.

அத்தை திருப்பூரில் இருந்தாங்க. கல்யாணம் ஆகிப் போய் நாற்பது வருஷம் ஆகியிருந்தது. விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வரச்சொல்லி நானும் வீட்டுக்காரரும் நேரில் போய்க் கூப்பிட்டோம். காப்பி கொடுத்தாங்க. கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "எனக்கு ஒரு அடி மண்ணு வேணாம்மா. ஆனா எங்கப்பா வாங்குன காயிதத்துல எம்பேரும் ஒரு ஓரமா இருந்தா என்ன?" என்று கேட்டாங்க.

எனக்குப் பதில் தெரியலை. 1956 வாரிசுச் சட்டப்படி அப்பா சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டு, பிறகு 1989இல் தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்திலும் மகளுக்குச் சமபங்கு என்று சட்டம் திருத்தினார்கள் என்று நம்ம பயிற்சிக் கூட்டத்தில் நானே எழுந்து நின்று சொல்லியிருக்கிறேன். கைதட்டினார்கள். அன்றைக்கு அதே வாயால், "பேரு தனியா இருந்தாத்தான் ஒர்க் ஆர்டர் வரும் அத்தை" என்று சொன்னேன். கூட்டுப் பட்டாவை வைத்துக்கொண்டே, அத்தை சம்மதக் கடிதம் மட்டும் கொடுத்தால் போதுமா என்று நான் யாரிடமும் அழுத்திக் கேட்கவே இல்லை. கேட்டிருக்கணும். சீக்கிரம் முடியணும் என்ற அவசரம்.

அத்தை வந்தாங்க. பத்திர ஆபீசில் பெருவிரல் வைத்தாங்க. மை துடைக்கத் துணி கொடுத்தேன்.

அதற்கப்புறம் வேலை வேகமாக நடந்தது. நம்ம பக்கம் களிமண் பூமி, கோடையில் வெடிக்கும், மழையில் ஊறும். கொத்தனார் கடைக்காலை ஆழமாக எடுக்கச் சொன்னார், அதற்கே கணக்குக்கு மேல் போனது. பணம் மொத்தமாக வராது என்று உங்களுக்குத் தெரியும். பேஸ்மட்டம் முடித்தால் ஒரு பில், லிண்டல் போட்டால் ஒரு பில், கூரை போட்டால் ஒரு பில். முதலில் நாம செலவு பண்ணணும், போட்டோ எடுப்பார்கள், பிறகு காசு வரும். அந்த முதல் செலவுக்குக் காசு இல்லாமல்தான் பாதி வீடுகள் லிண்டல் மட்டத்தில் செடி முளைத்து நிற்கின்றன. எங்களுக்கு நூறு நாள் வேலைக் கணக்கில் 90 நாள் கூலி வந்தது, கழிப்பறைக்கு 12,000 வந்தது. குழுவில் 50,000 கடன் வாங்கினேன். அப்படியும் பத்தாமல் தோடு அடகுக்குப் போனது. ஜன்னலுக்குக் கம்பி ஒரு வருஷம் கழித்துத்தான் வைத்தோம்.

வீட்டு முகப்பில் திட்டத்தின் பேர், வருஷம், தொகை, என் பேர் எல்லாம் எழுதியிருக்கிறார்கள். பால் காய்ச்ச அத்தை வந்தாங்க. எழுத்தைத் தடவிப் பார்த்து, "என்னம்மா போட்டிருக்கு?" என்று கேட்டாங்க. படித்துச் சொன்னேன். "நல்லா இருக்கு" என்றாங்க. மாமா இறந்த பிறகு தீபாவளி, பொங்கலுக்கு எங்க வீட்டுக்குத்தான் வருகிறாங்க. உள் ரூம் அவங்களுக்கு. அதை எழுதிக் கொடுக்க முடியுமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறேன். பார்க்கலாம் என்கிறார்.

ஒன்றிரண்டு விஷயம் விட்டுப்போனது, அதையும் சொல்லிவிடுகிறேன். சீட்டுக் கட்டி பிளாட் வாங்கிய சகோதரிகள் நம்ம கூட்டமைப்பில் உண்டு. வயலைத் தட்டிக் கல் நட்டு, கொடி கட்டி விற்றார்கள். 2016 செப்டம்பரில் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. விளைநிலம் அழியக் கூடாது என்பதற்காக. அது நியாயமும்தான், வாய்க்காலை மூடி பிளாட் போட்டால் மழைத் தண்ணி யார் வீட்டுக்குள் வரும்? ஆனால் மாட்டிக்கொண்டது விற்றவர் இல்லை, மாசம் மாசம் கட்டிய பெண்கள்தான். 2017இல் வரன்முறைத் திட்டம் வந்தது, 2016 அக்டோபர் 20க்கு முன்னால் பதிவான மனைகளுக்குப் பணம் கட்டி ஒழுங்கு செய்துகொள்ளலாம் என்று. அதைக் கட்ட மறுபடி குழுக்கடன். 2024இல் வரைபட அனுமதியைக் கொஞ்சம் லேசாக்கினார்கள். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் சுயசான்று கொடுத்து ஆன்லைனில் அனுமதி வாங்கலாம். அலைச்சல் குறைகிறது. பிளாட் வாங்கும் முன்னால் அங்கீகார நம்பரைக் கேளுங்கள்.

இன்னொன்று, எங்க தெருக்கோடியில் வாய்க்கால் கரையில் இருக்கும் நாலு குடிசை. அவர்கள் தாத்தா காலத்திலிருந்து அங்கேதான் இருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பண்ணை மண்ணில் இருந்திருந்தால் 1971 சட்டத்தில் சொந்தமாகியிருக்கும். இருந்தது வாய்க்கால் புறம்போக்கு. நீர்நிலைப் புறம்போக்குக்குப் பட்டா கிடையாது, கோர்ட்டும் விடாது. பட்டா இல்லாததால் கனவு இல்லமும் கிடையாது. குடிசை இல்லாத தமிழ்நாடு என்று கணக்கெடுக்க வந்தார்கள், நாலு குடிசையையும் எழுதினார்கள், பட்டா என்ற இடத்தில் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். மழைக்காலத்தில் தண்ணி ஏறினால் அந்தப் பிள்ளைகள் எங்க வீட்டுத் திண்ணையில்தான் படுக்கிறார்கள்.

ஊருக்குள்ளேயே நத்தம் புறம்போக்கில் ஒரு துண்டு இடம் சும்மா கிடக்கிறது. கிராமத்தில் வீடில்லாதவருக்கு 3 சென்ட் வரை மனைப்பட்டா கொடுக்கலாம், அளந்தால் நாலு பேருக்கும் போதும். போன கிராம சபையில் கேட்டோம். அங்கே வைக்கோல்போர் போடுகிறவர்கள் எழுந்து சத்தம் போட்டார்கள், தீர்மானம் எழுதாமலே கூட்டம் முடிந்தது. மே 1ஆம் தேதி அடுத்த கிராம சபை. மனு எழுதி வைத்துவிட்டேன். நாலு குடும்பத்திலும் பெண்கள்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், மகள்கள் பேரையும் சேர்த்து எழுதச் சொன்னேன். ஒவ்வொரு குழுவிலிருந்தும் பத்துப் பேராவது அன்றைக்குப் பத்து மணிக்குள் ஊராட்சி அலுவலகத்துக்கு வந்துவிடுங்கள்.